நாற்பதில் அஞ்சாவது கியர் சரியா? இன்ஜினை எவ்வளவு சுற்ற விடலாம்?

பிப்ரவரி 3, மாலை — பண்ருட்டி வாசகரின் கேள்வி

புது கார் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. 1200 சிசி பெட்ரோல், அஞ்சு கியர். தினமும் பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு வேலைக்கு வருகிறேன். டிரைவிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் முள் 2000-ஐத் தாண்டவே கூடாது, தாண்டினால் இன்ஜின் ஆயுசு போய்விடும், பெட்ரோலும் குடிக்கும் என்றார். அதனால் 40 கிலோமீட்டர் வேகம் வந்ததுமே டாப் கியர் போட்டுவிடுகிறேன். மேட்டில் ஏறும்போது வண்டி உதறுகிறது, உள்ளே டக்டக்கென்று ஒரு சத்தம். சர்வீசில் கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார்கள். 3000 வரை விட்டால் உண்மையிலேயே கெடுதலா?

பிப்ரவரி 3, இரவு

கெடுதல் இல்லை தம்பி. நீங்கள் இப்போது ஓட்டும் விதம்தான் கெடுதல்.

உங்கள் வகை இன்ஜினுக்குச் சிவப்புக் கோடு, அதாவது இதற்கு மேல் சுற்ற விடாதே என்ற எல்லை, 6000-ஐத் தாண்டித்தான் வரும். 3000 என்பது அதில் பாதி. இழுவையின் உச்சம் எங்கே என்று பாருங்கள்: 2018-இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 113 நியூட்டன் மீட்டர், 4200 சுற்றில். ஹூண்டாயின் 1.2 கப்பா பெட்ரோல் இன்ஜினுக்கு 114, 4000 சுற்றில். செய்த கம்பெனியே இந்த இடத்தில்தான் நன்றாக இழுக்கும் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கும்போது, அதில் பாதிக்கும் கீழேயே வைத்து மேடு ஏறச் சொன்னால் அது என்ன செய்யும்? உதறத்தான் செய்யும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மேடு தொடங்குவதற்கு முன்பே மூன்றாவதுக்கு வந்துவிடுங்கள். கணக்கை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை

கணக்கு. எல்லாம் தோராயம்தான், ஆனால் விஷயம் புரியும்.

ஒரு கியரில் வேகமும் சுற்றும் சேர்ந்தேதான் ஏறும், சேர்ந்தேதான் இறங்கும். என் வண்டியும் 1200 சிசி பெட்ரோல்தான். அஞ்சாவதில் 100-இல் போனால் முள் 2900 பக்கம் நிற்கிறது. அப்படியானால் 40-இல் 1150 சொச்சம். சும்மா நிற்கும்போதே 750 சுற்றுகிற இன்ஜின் அது. நடப்பதற்கும் நிற்பதற்கும் நடுவில் ஒரு இடத்தில் அதை நிறுத்தி வைத்து, மேலே ஏறு என்கிறோம்.

1150 சுற்றில் பெடலை முழுதாக மிதித்தாலும் கிடைப்பது 85 நியூட்டன் மீட்டர் இருக்கலாம். இழுவையைச் சுற்றால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட்: பத்து. குதிரைத்திறனில் பதினான்கு. அவ்வளவுதான் இருக்கிறது கையில்.

தேவை எவ்வளவு? நான்கு பேர், இரண்டு பை, வண்டியோடு சேர்த்து 1300 கிலோ என்று வையுங்கள். நூறு அடிக்கு ஆறு அடி உயரும் மேட்டில் 40 வேகத்தில் போக, மேட்டுக்கு மட்டும் எட்டரை கிலோவாட். டயர் உருளவும் காற்றைத் தள்ளவும் இன்னும் இரண்டு. ஏசி போட்டிருந்தால் அதற்கு வேறு. ஆக, இருப்பதை எல்லாம் கொடுத்தாலும் பத்தவில்லை. வண்டி வேகம் இழக்கும், நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள், அது இன்னும் திணறும்.

அதே மேடு, அதே 40, மூன்றாவது கியர். சுற்று 1950 ஆகும். இழுவை 98 என்று வைத்தால் இருபது கிலோவாட் வரை தர முடியும். தேவை பத்தரை. பாதிப் பலத்தில் ஏறிவிடும். இரண்டாவதில் போட்டால் 2900 ஆகும், சத்தம் கூடும், அதுவும் தப்பில்லை. ஆனால் இந்த மேட்டுக்கு மூன்றாவது போதும்.

பிப்ரவரி 4, மதியம்

டக்டக் சத்தத்தைப் பற்றி. பேசும்போது இதைத்தான் நாக்கிங் என்பார்கள். பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். சுற்று குறைவாக, பெடல் முழுதாக இருந்தால், மீதிக் கலவை அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் அதிக நேரம் காத்துக்கிடக்கிறது. தீ வந்து சேருவதற்குள் அது தானாகவே வெடிக்கிறது. அந்த அடி பிஸ்டன் தலையில் விழுகிறது.

இப்போதைய வண்டிகளில் இதைக் கேட்கும் சென்சார் உண்டு. சத்தம் வந்ததும் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். அதனால் வண்டியைக் கொண்டுபோய்ச் சமதரையில் ஓட்டிக் காட்டினால் சர்வீசில் ஒன்றும் தெரியாது. ஆனால் நேரத்தைத் தள்ளிப்போட்டால் பலமும் குறையும், மைலேஜும் குறையும். மிச்சம் பிடிக்கத்தான் அந்தக் கியர் போட்டீர்கள். அங்கேயே அது கசிந்து போகிறது.

பிப்ரவரி 4, இரவு

புதுச்சேரி எல்லையில் விலை குறைவாகப் பெட்ரோல் போடுவதால்தான் நாக்கிங் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். விலை குறைவு வரியால். தமிழ்நாட்டை விட அங்கே வாட் வரி குறைவு. எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு அந்தப் பக்கம் போனதும் பெட்ரோலின் குணம் மாறிவிடாது.

எத்தனால் கலப்பதால் நாக்கிங் என்று சொல்பவர்களுக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் தன்மை பெட்ரோலை விட அதிகம். லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி குறைவு, அதனால் மைலேஜ் குறையலாம். பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களைப் பற்றி கவலைப்படுவதும் நியாயம்தான். ஆனால் நாக்கிங்குக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

பிப்ரவரி 5, காலை

வில்லியனூர் ஐயா எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். அம்பாசிடர் டாக்சி வைத்திருந்தவர். "வண்டி நகர்ந்ததும் அடுத்த கியர், முப்பதில் டாப், காலமெல்லாம் அப்படித்தான் ஓட்டினேன், இன்ஜின் பிரித்ததே அபூர்வம்" என்கிறார்.

ஐயா சொல்வது முழுக்க உண்மை. என் அப்பாவும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டில் அம்பாசிடர்தான் ஓட்டினார். எனக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்: கியரைச் சீக்கிரம் மாற்று, இன்ஜினைக் கத்த விடாதே. அந்த இன்ஜினுக்கு அது சரியான பாடம். ஏன் சரி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டரின் அகலம் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 88.9 மில்லிமீட்டர். ஸ்விஃப்டின் 1197 சிசி இன்ஜினை எடுங்கள். அகலம் அதே 73. பிஸ்டன் போகும் தூரம் 71.5 தான். குழாய் ஒரே அளவு, ஓட்டம் மட்டும் குட்டை.

பிஸ்டன் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அந்தத் தூரத்தைக் கடக்கும். அம்பாசிடரில் 4000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 11.85 மீட்டர். ஸ்விஃப்டில் அந்த வேகத்தைத் தொட 5000 சுற்று வேண்டும். நீண்ட ஓட்டம், குறைந்த அழுத்தம், கீழ்ச்சுற்றிலேயே இழுவை: இப்படிச் செய்யப்பட்ட இன்ஜினை முப்பதில் டாப் போட்டு ஓட்டலாம், அது முனகாது. கத்த விட்டால்தான் அதற்குக் கஷ்டம்.

அம்பாசிடர் 2014-இல் நின்றுபோனது. பாடம் மட்டும் நிற்காமல் மாஸ்டர் மாஸ்டராகக் கைமாறி வந்து, உயர்ந்த அழுத்தத்தில் மேல்சுற்றுக்கென்று செய்யப்பட்ட இன்ஜின்களின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. பண்ருட்டி தம்பியின் மாஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கற்றுக்கொண்ட வண்டி வேறு.

பிப்ரவரி 5, இரவு

"சுற்று கூடினால் தேய்மானம் கூடாதா? இது சாதாரண அறிவு" என்று நெல்லிக்குப்பத்து நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி, ஒரு வரியில் முடிக்க முடியாது.

கூடும். பிஸ்டனை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்பி இழுக்கும் விசை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 3000-இல் இருப்பதைப் போல 6000-இல் நான்கு மடங்கு. இதனால்தான் சிவப்புக் கோடு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் இதைத் திருப்பியும் படியுங்கள்: 6000-ஐத் தாங்கச் செய்த இன்ஜினுக்கு 3000-இல் அந்த விசை கால் பங்குதான்.

இன்னொரு பக்கம் ஆயில். கிராங்க் அச்சு சுற்றும் வேகம்தான் ஆயிலைப் பேரிங்குக்குள் இழுத்து, ஒரு மெல்லிய படலமாக நிறுத்துகிறது. அந்தப் படலத்தின் மேல்தான் அச்சு மிதக்கிறது, இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. சுற்று குறைந்தால் படலம் மெலியும். அதே நேரம் பெடலை முழுதாக மிதித்து மேலிருந்து பலமாக அடித்தால் இன்னும் மெலியும். சுற்று குறைவு, சுமை அதிகம் என்ற இரண்டும் சேரும் இடம்தான் பேரிங்குக்கு மோசமான இடம். சுற்று மட்டும் குறைந்தாலோ சுமை மட்டும் கூடினாலோ அது சமாளித்துக்கொள்ளும்.

இதை நான் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். புதுப்பாளையத்தில் எங்கள் மெக்கானிக் ஒரு காரின் இன்ஜினைப் பிரித்திருந்தார். எந்நேரமும் ஆள் நிறைய ஏற்றி, டாப் கியரிலேயே ஊர்ந்து ஓடிய வண்டி. பிஸ்டனைக் கிராங்க் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் இரண்டு பாதியாக இருக்கும். மேல் பாதி எரிவின் அடியை வாங்கும். கீழ் பாதி, மேல்சுற்றில் பிஸ்டனை இழுத்து நிறுத்தும் விசையை வாங்கும். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். கீழ் பாதி சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. மேல் பாதியில் நடுவில் பூச்சு போய் உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்தது. வண்டி எப்படி ஓடியது என்பது அதிலேயே எழுதியிருந்தது.

அன்றிலிருந்து யாராவது "நான் இன்ஜினைக் கஷ்டப்படுத்துவதே இல்லை, 1200-லேயே ஓட்டுகிறேன்" என்று சொன்னால் எனக்கு அந்த மேல் பாதிதான் ஞாபகம் வரும்.

பிப்ரவரி 7, மாலை

மேலே எழுதியதை வைத்து இரண்டு பேர் சமதரையிலும் 3000-க்குக் கீழே விடாமல் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். அது தேவையில்லை. கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பம் வழியாகக் கன்னியக்கோயில் பக்கம் வரும்போது சாலை சமமாகக் கிடக்கிறது. அங்கே 50-இல், பெடலைத் தொட்டும் தொடாமலும், நான்காவதில் 1800 போனால் ஒரு கெடுதலும் இல்லை. சுமையே இல்லாதபோது சுற்று ஏன் கூட வேண்டும்? உராய்வும் எரிபொருளும்தான் வீண். கீழ்ச்சுற்று கெட்டது என்று நான் சொல்லவில்லை. கீழ்ச்சுற்றில் பலமாக மிதிப்பது கெட்டது.

முள்ளை விட்டுவிட்டுக் காலைக் கவனியுங்கள். பெடலை இன்னும் ஒரு விரற்கடை அழுத்துங்கள். வண்டி உடனே பதில் சொன்னால் அந்தக் கியர் சரி. சத்தம் மட்டும் தடித்து, வேகம் வராமல், ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் அதிர்வு ஏறினால் ஒரு கியர் இறக்குங்கள். நான் வண்டி கற்றுக்கொடுப்பவர்களுக்கு எல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரே இல்லாத வண்டிக்கும் இது பொருந்தும்.

பிப்ரவரி 8

மைலேஜ். "அப்படியானால் பெட்ரோல் கூடுதலாகப் போகுமே" என்ற கேள்வி பல பேரிடமிருந்து.

பெட்ரோல் இன்ஜின் மிகச் சிக்கனமாக ஓடுவது 2000 முதல் 2500 சுற்று வாக்கில், பெடலை ஓரளவு நன்றாகவே மிதித்திருக்கும்போது. பெடலைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் காற்று வரும் வழி ஒடுங்கி, காற்றை உறிஞ்சுவதிலேயே கொஞ்சம் சக்தி வீணாகும். அதனால் மேலே போகும் கியரில் கொஞ்சம் பலமாக மிதிப்பது சிக்கனம் என்பது உண்மை, ஒரு எல்லை வரைக்கும். அந்த எல்லை தாண்டினால், அதாவது நாக்கிங் பக்கம் போனால், சிக்கனம் திரும்பிவிடும். டாஷ்போர்டில் மேலே போ என்று அம்புக்குறி காட்டும் வண்டிகளில், அந்த அம்பு சிக்கனத்தை நினைத்துச் சொல்கிறது. முன்னால் மேடு இருப்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மைலேஜை உண்மையில் தின்பது வேறு: சும்மா விரட்டிக்கொண்டு போய் அடுத்த சிக்னலில் பிரேக் போடுவது. மரப்பாலத்துக்கும் முதலியார்பேட்டைக்கும் நடுவில் தினமும் இதைப் பார்க்கலாம்.

பிப்ரவரி 9, காலை

லாஸ்பேட்டை மேடம் கேட்டது ஏஎம்டி பற்றி. அரும்பார்த்தபுரம் பாலத்தில் ஏறும்போது வண்டி நான்காவதிலேயே இருந்து உதறுகிறதாம்.

ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்கள் கை கால்களுக்குப் பதில் மோட்டார் மாற்றுகிறது. மைலேஜ் காட்ட வேண்டும் என்பதற்காகச் சீக்கிரமே மேல் கியருக்குப் போகும்படி அதற்குச் சொல்லி வைத்திருப்பார்கள். பாலத்துக்கு முன்பே லீவரை மேனுவல் பக்கம் தள்ளி, மூன்றாவதுக்கு இறக்கி ஏறுங்கள். இறங்கியதும் மறுபடி ஆட்டோவுக்கு வந்துவிடலாம். அப்புறம் ஒன்று. பாலத்தின் நடுவில் டிராஃபிக் நின்றால், பின்னால் போகாமல் இருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். உள்ளே கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும். பிரேக்கில் நில்லுங்கள், இல்லையென்றால் ஹேண்ட் பிரேக்.

பிப்ரவரி 9, இரவு

கிளட்ச் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தை நேரத்தில் புதுச்சேரி காந்தி வீதிப் பக்கம் போனால், ஹாஃப் கிளட்சில் 3000 வரை ரேஸ் கொடுத்து அங்குலம் அங்குலமாக நகரும் வண்டிகள் இருக்கும். எரியும் வாசனை வரும். இந்த இடத்தில் சுற்று கூடுவது கெடுதல்தான். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது, கிளட்ச் தட்டு போகும். வண்டி நகரத் தேவையான அளவு மட்டும் சுற்று, சீக்கிரம் முழுக்க விடுதல். கூட்டத்தில் வேறு வழி இல்லை.

பிப்ரவரி 11

இன்ஜினை ஆஃப் செய்யும் முன் ஒரு முறை ரேஸ் கொடுத்து ஆஃப் செய்யும் பழக்கம் இன்னும் பலருக்கு இருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டியில் இதனால் ஒரு பயனும் இல்லை. டர்போ (புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) உள்ள வண்டியில் கெடுதல்: ரேஸ் கொடுத்ததும் டர்போ வேகமாகச் சுழலும், ஆஃப் செய்ததும் ஆயில் வரத்து நின்றுபோகும், டர்போ மட்டும் காய்ந்த பேரிங்கில் சுழன்றுகொண்டிருக்கும். விரட்டி ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டு நிறுத்துங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுப்பதும் வேண்டாம். நம் ஊரில் குளிர் இல்லையே என்பார்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். ஸ்டார்ட் செய்து சீட் பெல்ட் போட்டதும் கிளம்புங்கள். முதல் சில கிலோமீட்டர் 2500-க்குள் மெதுவாகப் போனால் போதும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓட விடுவதும் தேவையில்லை.

பிப்ரவரி 12, இரவு

டீசல்காரர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள், சரி, இன்று அவர்களுக்கு.

எனக்கு முன்பு இருந்தது 1.3 டீசல், பழைய ஸ்விஃப்டில் வந்த அதே இன்ஜின். 190 நியூட்டன் மீட்டர், 2000 சுற்றில். சிவப்புக் கோடு பெட்ரோலை விடக் கீழே, 5000 பக்கம். ஆகையால் மேலே பெட்ரோலுக்குச் சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1800-க்குக் கீழே டர்போ விழித்துக்கொள்ளாது, மிதித்தாலும் வெறும் சிசிதான் இழுக்கும். 1800-க்கும் 3000-க்கும் நடுவில் வைத்திருந்தால் அது ஓட்டுவதற்கே இன்பமாக இருக்கும். 4000-க்கு மேல் விரட்டுவதால் சத்தம்தான் மிச்சம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துக்கொள்ள 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். ஜிப்மரிலிருந்து கடற்கரைச் சாலை, அங்கிருந்து வீடு என்று சின்னச் சின்ன ஓட்டமாக, 1300-லேயே உருட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு வராது. ஒரு நாள் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போது விழுப்புரம் நான்குவழிச் சாலைக்குப் போய், ஒரு கியர் குறைத்து, 2000-க்கு மேல் வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டால் மேனுவலைப் பார்த்து அதில் சொன்னபடி செய்யுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் புது டீசல் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பிப்ரவரி 13

டர்போ பெட்ரோல் தனி. ஹூண்டாயின் 1.0 டர்போவுக்கு 172 நியூட்டன் மீட்டர் 1500-இலேயே வந்து 4000 வரை நிற்கும். காகிதத்தில் பார்த்தால் 1500-இல் முழுதாக மிதிக்கலாம் போலத் தெரியும். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் உள்ள டர்போ இன்ஜின்களில் கீழ்ச்சுற்றில் முழுப் பெடல் கொடுத்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சாதாரண நாக்கிங்கை விட இது பல மடங்கு முரடு, பிஸ்டனையே உடைக்கும். இதைத் தாங்குவதற்காகவே ஆயில் தரத்தில் 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று வந்தன. டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் ஆயில் டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். மிதிக்க வேண்டுமானால் 2000 தாண்டிய பிறகு மிதியுங்கள்.

பிப்ரவரி 15

பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்கிறார் ஒருவர். கியரில் விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்குக்குத் துணையும் இல்லை. கியரிலேயே இறங்குங்கள்.

பிப்ரவரி 16, இரவு

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி நின்றபாடில்லை: தண்ணீரில் எவ்வளவு ரேஸ் கொடுக்க வேண்டும்? நம்மவர்கள் பொதுவாக சைலன்ஸரில் தண்ணீர் ஏறாமல் இருக்க ரேஸை விடாமல் பிடி என்று சொல்வார்கள்.

சைலன்ஸரில் பயம் குறைவு. சும்மா ஓடும் இன்ஜினே அந்த வழியாகப் புகையைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. பயப்பட வேண்டியது முன்னால், காற்று போகும் வாயில். பல கார்களில் அது ஹெட்லைட் உயரத்தில் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். ரேஸ் கூடக் கூட இன்ஜின் அந்த வாயால் அதிகம் உறிஞ்சும். வேகமாகப் போனால் முன்னால் அலை எழும்பி அங்கேயே அடிக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஆகவே முதல் கியர், 1500-க்கும் 2000-க்கும் நடுவில் ஒரே சீராக, கியர் மாற்றாமல், முன்னே போகும் வண்டி கரையேறும் வரை காத்திருந்து மெதுவாக. சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் போகவே போகாதீர்கள். நடுவில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். புயலுக்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்ப் பக்கம் புகுந்தபோது எங்கள் தெருவில் தள்ளிக் கொண்டுவந்த வண்டிகள் பிழைத்தன. நடுத்தண்ணீரில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வண்டிக்கு இன்ஜின் வேலை வந்தது.

பிப்ரவரி 20, காலை

மேலே எவ்வளவு வரை போகலாம் என்பதை இன்னும் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பண்ருட்டி – கடலூர் சாலையில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரை ஓவர்டேக் செய்ய வேண்டும் என்று வையுங்கள். இரண்டு டிரெய்லர், மேலே கரும்பு இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், எதிரே வருவது பாதிதான் தெரியும். அதன் பின்னால் 35-இல் ஊர்ந்துவிட்டு, நான்காவதிலேயே வெளியே எடுத்து மிதிக்கிறார்கள். வண்டி நகராமல் எதிர்ப்பக்கத்திலேயே நிற்கும். பார்க்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பின்னால் இருக்கும்போதே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். 35-இல் அது 2500 சுற்று. சாலை காலியாகத் தெரிந்ததும் வெளியே எடுத்து 4500, 5000 வரை விடுங்கள், பிறகு மூன்றாவது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து பாதியில் காலை எடுக்காதீர்கள். ஆயில் சூடாக இருந்தால் சில நொடிகள் 5000 என்பது இன்ஜினுக்கு ஒரு விஷயமே இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் குறைகிறது, அதுதான் உயிர்.

சிவப்புக் கோட்டைத் தொட்டால் கம்ப்யூட்டர் எரிபொருளை வெட்டிக் காப்பாற்றும். ஆனால் ஒரு வழியில் மட்டும் அது காப்பாற்ற முடியாது: 100-இல் போகும்போது நான்காவது என்று நினைத்து இரண்டாவதில் தள்ளிக் கிளட்சை விட்டால், சக்கரமே இன்ஜினை 7000-க்கு மேல் சுற்றிவிடும். வால்வு பிஸ்டனில் இடிக்கும். கியரைக் கையால் அடித்துப் போடாமல் மெதுவாகத் தள்ளினால் இந்தத் தவறு வராது.

புது வண்டிக்கு முதல் 1000 கிலோமீட்டர் மட்டும் இவ்வளவு வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், சுற்றை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மாடலுக்கு மாடல் மேனுவலில் எழுதியிருக்கும்.

பிப்ரவரி 21

"வாரம் ஒரு முறை விரட்டினால் கார்பன் எல்லாம் போய்விடும்" என்று மேலே மூன்று பேர். பாதி சரி. சிலிண்டருக்குள்ளும் சைலன்ஸர் வழியிலும் சேர்ந்தது ஓரளவு எரியும். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் உள்வரும் வால்வின் முதுகில் ஒட்டும் கரி போகாது, ஏனென்றால் அந்த வால்வைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. அதைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 23, மாலை

மஞ்சக்குப்பத்தில் சிஎன்ஜி வேகன்ஆர் வாங்கியிருப்பவர், இதெல்லாம் தனக்கும் பொருந்துமா என்கிறார். உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும் சார். அதே 1000 சிசி இன்ஜின் பெட்ரோலில் 67 குதிரைத்திறன் தரும், சிஎன்ஜியில் 57 பக்கம்தான். இழுவையும் 89-இலிருந்து 82 ஆகிவிடும். பின்னால் கேஸ் சிலிண்டரின் எடை வேறு. ஆக பெட்ரோல்காரர் மூன்றாவதில் ஏறும் மேட்டில் நீங்கள் இரண்டாவதுக்குப் போக வேண்டியிருக்கும். சிஎன்ஜிக்கு நாக்கிங் எளிதில் வராது. அதனால் டக்டக் சத்தம் வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்காதீர்கள். அதிர்வைக் கவனியுங்கள். பாலம் ஏறும்போது 3000 காட்டினால் அப்படியே விடுங்கள். பிளக்கை மட்டும் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் தவறாமல் மாற்றிவிடுங்கள்.